பசைப் பக்கம்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதி வழியில் நீங்களே கண்டுபிடித்து முகம் சுளிப்பதற்கு இது பரவாயில்லை. ஒரு பட்டறையின் ஷட்டருக்கு வெளியே நின்று, உள்ளே பேசியதை ஒட்டுக் கேட்டதில் பிறந்தது. ஒட்டுக் கேட்டவள் நான். உள்ளே சிரித்தவர்களில் ஒருவன் என் தம்பி.

(ஒட்டும் நாடாக்களை வெட்டுகிற பட்டறைக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்டேன் என்று எழுதியிருக்கிறேன். வேண்டுமென்று செய்த சிலேடை இல்லை. சரி, பாதி வேண்டுமென்றுதான். வெட்கம் வந்தால் எனக்கு வாய் இப்படித்தான் விளையாடும்.)

கதையைத் தம்பியின் பக்கம் நின்று எழுதப்போகிறேன். ‘அவன்’ என்று வருவதெல்லாம் தம்பி. ‘அக்கா’ என்று வருகிறவள் நான். என்னை நானே ‘அவள்’ என்று எழுதிக்கொண்டால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார முடிகிறது. அவன் மனதுக்குள் நான் போய்ப் பார்த்ததில்லை. அங்கே ஓடியது என்று நான் எழுதுவதெல்லாம் ஊகம். பதினோரு மாதமாக இந்த ஊகம்தான் எனக்கு முழுநேர வேலை.

ஏன் எழுதுகிறேன் என்றால், இந்தப் பதினோரு மாதமாக அவன் என்னை எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை, நானும் அவனைக் கூப்பிடவில்லை. பேசிக்கொள்கிறோம். மொட்டையாகப் பேசிக்கொள்கிறோம். “சாப்பிடலாம்”, “உட்காரலாம்”, “கிளம்பலாம்” என்று யாருக்கும் சொந்தமில்லாத வாக்கியங்கள். நாற்பது வருஷம் அக்கா, தம்பி, டா, டீ என்று இருந்துவிட்டு இப்படி ஆகிவிட்டது. அதைத் திரும்ப வாங்க முடியுமா என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

“ஒளியாலும் வெட்ட முடியும் என்று மனிதன் கண்டறிந்த அந்த நாளில்—”

நிறுத்திவிட்டேன். பள்ளி ஆண்டு மலர்க் கட்டுரை மாதிரி இருந்தது. நான் புவியியல் டீச்சர். விட்டால் எதையும் பாடமாக்கிவிடுவேன்.

இரண்டாவது தொடக்கம்:

“முழங்காலுக்கு ஒரு ஸ்பாஞ்ச் பட்டை வெட்டித் தர முடியுமா என்று அக்கா தம்பியிடம் கேட்டாள்.”

இது நன்றாக ஓடியது. ஆறு பக்கம் எழுதினேன். முழங்கால் சௌகரியமான உறுப்பு. யாரிடமும் வலி என்று சொல்லிக் காட்டலாம். ஆறாவது பக்கத்தில் அந்த முழங்கால் திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகள் முன்னால் நிற்கக் கூசியது. முழங்கால் எதற்குக் கூச வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். ஆறு பக்கத்தையும் கிழித்தேன்.

மூன்றாவது:

“அக்காவுக்கு இடது பக்க—”

இங்கே ஒரு வாரம் நின்றேன். மருத்துவமனைச் சீட்டில் மார்பகம் என்று இருக்கிறது. எனக்கு அது அந்த நோயோடு சேர்ந்து வந்த வார்த்தை மாதிரியே படுகிறது. வீட்டில் யாரும் எந்த வார்த்தையும் சொல்லவில்லை. “அந்த ஆபரேஷன்” என்றார்கள். என் வீட்டுக்காரர் “அது” என்றார். தம்பி ஒன்றுமே சொல்லவில்லை.

சரி. அக்காவின் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். எழுதியாயிற்று. எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

3

அவன் வேலை பார்ப்பது லேசர் வெட்டும் பட்டறை. இரும்பு, தகடு என்று எதுவும் அங்கே வராது. வளைவது, ஒட்டுவது, அமுங்குவது, இவைதான் வரும். இரண்டு பக்கமும் பசை உள்ள நாடா, ஸ்பாஞ்ச், ரப்பர் ஷீட், கம்பளித் துணி. செல்போன் கண்ணாடிக்கு அடியில் ஒட்டுகிற மயிரிழை நாடாவிலிருந்து, கருவிப் பெட்டிக்குள் பதிக்கிற மெத்தை வரைக்கும் அவர்கள் வெட்டிக் கொடுப்பார்கள். அவன் கம்ப்யூட்டரில் கோடு வரைகிறவன். அவன் வரைந்த கோட்டின் மேல்தான் ஒளி ஓடும்.*

*ஸ்பாஞ்சைக் கத்தியால் வெட்டினால் அழுத்துகிற இடத்தில் நசுங்கி, ஓரம் கோணலாகிவிடும். லேசர் தொடுவதே இல்லை, அதனால் ஓரம் நேராக வரும். தொடாமல் வெட்டுவதில் எங்கள் குடும்பத்துக்கும் நல்ல பழக்கம் உண்டு.

அந்தப் பட்டறையில் யார் எந்த வேலையோடு வந்தாலும் அவன் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: பசைப் பக்கம் எது? அளவைக்கூடப் பிறகுதான் கேட்பான். ஒரு பக்கம் பசை உள்ள ஷீட்டை மேல்கீழாகப் போட்டு வெட்டினால் இடது வலதாகிவிடும். செருப்புக்குள் போடுகிற அட்டையைத் திருப்பி வைத்தால் அடுத்த காலுக்குப் போய்விடுவது மாதிரி. ஜோடியாக வெட்டுகிற வேலையில் இந்தத் தப்பு வெளியே தெரியாது. இடது வலதாகும், வலது இடதாகும், கணக்கு சரியாக இருக்கும். ஒற்றையாக வருகிற வேலையில்தான் மாட்டிக்கொள்வோம் என்று அவனே ஒரு தரம் அக்காவிடம் சொல்லியிருக்கிறான். அப்போது அக்காவுக்கு இரண்டும் இருந்தது. சிரித்தாள்.

வியாழக்கிழமை அவன் அக்கா வீட்டுக்கு வந்திருந்தபோது அவள் ஒரு கவரைக் கொடுத்தாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம். நீண்ட விடுப்புக்குப் பிறகு முதல் நாள். கடையில் விற்கும் பஞ்சுப் பட்டை அவளுக்கு நிற்கவில்லை. கையைத் தூக்கிக் கரும்பலகையில் எழுதினால் கழுத்துப் பக்கம் ஏறி வந்தது. கனமானதைப் போடத் தையல் ஆற வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். லேசான ஸ்பாஞ்சில், உள்ளாடையோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். ஸ்பாஞ்ச், ஒட்டுவது என்று கேட்டதும் அக்காவுக்குத் தம்பி ஞாபகம்தான் வந்தது.

கவரில் காலண்டர் தாளில் வெட்டிய வடிவம் ஒன்று, எந்த இடத்தில் எவ்வளவு உயரம் என்று ஒரு துண்டுச் சீட்டு. வேறு ஒன்றும் எழுதவில்லை. “திங்கட்கிழமைக்குள்ள வேணும்டா” என்றாள். அவன் “சரிக்கா” என்று சொல்லிக் கவரைப் பிரிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். அப்போது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆபரேஷனுக்குப் பிறகு அக்காவோடு பேசும்போதெல்லாம் அவன் மின்விசிறியைத்தான் பார்ப்பான்.

அதுதான் அவன் என்னைக் கடைசியாக அக்கா என்று கூப்பிட்டது. ‘சரிக்கா’வில் பாதி அக்கா.

4

இப்போது அவனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைக்க வேண்டும்.

பழைய படி ஒன்றில் அவனை அழவைத்தேன். “காலண்டர் தாளை விரித்ததும் அவன் கண்கள்—” அதை எடுத்துவிட்டேன். அவன் அழுகிறவன் இல்லை. அவனை அழவைத்தால் எனக்கு நன்றாக இருக்கிறது, அதனாலேயே எடுத்துவிட்டேன்.

நடந்திருக்கக்கூடியது இதுதான். தாளை விரித்தான். ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் அக்குள் நோக்கி இழுத்த வால். அதை இப்படிப் பிடித்தால் இடது, திருப்பிப் பிடித்தால் வலது. எந்தப் பக்கம்? அவனுக்குத் தெரியாது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவனுக்கு எந்தப் பக்கம் என்று தெரியாது. பசை எதில் ஒட்ட வேண்டும், தோலிலா துணியிலா என்றும் தெரியாது. முன்பின் தெரியாத ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வியை ஒரு போன் போட்டு அக்காவிடம் கேட்டிருக்கலாம். போனை எடுத்திருப்பான் என்று நம்புகிறேன். கீழே வைத்திருப்பான். (நானும் அதே நேரத்தில் போனை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பக்கம் எது என்று எழுத மறந்தது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. போனில் சொன்னால் அவன் பக்கத்தில் யார் இருப்பார்களோ என்று தயக்கம்.)

லேசர் தட்டையாகத்தான் வெட்டும். மேடு வேண்டுமென்றால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஏழு அடுக்கு வரைந்தான். அடியில் பெரியது, மேலே போகப் போகச் சின்னது. வரைபடத்தில் மலையைக் காட்டும் சம உயரக் கோடுகள் போலத் திரையில் தெரிந்தது. இந்த அடுக்கு வித்தை அவனுக்குப் புதிது இல்லை. முன்னால் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இதே மாதிரி செய்திருக்கிறான்.

(எந்தப் பள்ளிக்கூடம் என்பதை அப்புறம் சொல்கிறேன். சொல்லாமலும் விடுவேன்.)

கடைசியில் அவன் குத்துமதிப்பாக முடிவு செய்தான். பசை துணிப் பக்கம், மார்பு வலது. பசை சரி, மார்பு தப்பு.

5

வெள்ளிக்கிழமை மதியம் அக்கா பஸ் பிடித்துப் பட்டறைக்குப் போனாள். பக்கம் எது என்று நேரில் சொல்லிவிட்டு வரத்தான் போனாள். ஒரே ஒரு வார்த்தை. பஸ்ஸில் அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

லேசர் ஓடும்போது புகையை இழுக்க ஒரு பெரிய விசிறி ஓடும். அது ஓடுகிற வரைக்கும் உள்ளே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். விசிறியை நிறுத்தியதும், கத்திப் பேசின பழக்கத்தில் அடுத்த வாக்கியம் மட்டும் தெருவரைக்கும் வரும். அக்கா ஷட்டருக்குப் பக்கத்தில் வரும்போது விசிறி நின்றது.

“என்னப்பா இது, மலையா?” மெஷின் ஓட்டுகிறவரின் குரல்.

அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

“ஓ, இதுவா. ஒண்ணுதானா? இன்னொண்ணு எங்கப்பா?”

அவன் சிரித்தான்.

இந்த வரியைப் பதினேழு விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். ‘சிரிப்பதுபோல் ஒரு சத்தம் செய்தான்’, ‘சிரிப்பு வந்துவிட்டது’, ‘மற்றவர்கள் சிரித்ததால்—’. எல்லாம் அவனுக்கு நான் போட்ட மெத்தை. அவன் சிரித்தான். சின்னதாக, மூக்கால். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அப்பா என்னைத் திட்டும்போது, அடுத்த திட்டு தன்மேல் விழாமல் இருக்க அதே சிரிப்பைத்தான் சிரிப்பான்.

அக்கா திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அதற்குள் மெஷின்காரர் அவளைப் பார்த்துவிட்டார். யார் வேண்டும் என்று கேட்டார். தம்பி திரும்பினான். அக்காவைப் பார்த்தான். பல வாரங்களுக்குப் பிறகு, மின்விசிறியை விட்டுவிட்டு, நேராக அவள் முகத்தைப் பார்த்தான்.

“கஸ்டமர்ண்ணே” என்றான். பிறகு, “வாங்க மேடம்.”

அக்கா உள்ளே போனாள். பொருள்களைப் பிரித்து அடுக்குகிற பெண் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அக்காவின் மூக்கைப் பார்த்தாள், அவன் மூக்கைப் பார்த்தாள், பிறகு தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். எங்கள் குடும்பத்து மூக்கு ஒளித்து வைக்கிற சைஸ் இல்லை.

“பசைப் பக்கம் எதுன்னு நீங்க சொல்லல மேடம்.”

“துணிப் பக்கம்” என்றாள் அக்கா. “இடது.”

அவ்வளவு சுலபமாக வந்தது. அக்காவாக இருந்து சொல்ல முடியாத வார்த்தை, மேடமாக இருந்ததும் கடகடவென்று வந்துவிட்டது. அவனாலும் தம்பியாக இருந்து கேட்க முடியாததை ஒரு கடைக்காரனாகக் கேட்க முடிந்தது. இதை நினைத்தால்தான் எனக்கு அந்தச் சிரிப்பைவிட அதிகமாகக் கூசுகிறது.

ஏன் ஒன்றுதான் என்று மெஷின்காரருக்கு விளங்கிவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். தம்பி மாற்றி வெட்டிவிட்டதாகவும் பத்து நிமிஷம் உட்காரும்படியும் அக்காவிடம் சொன்னான். அவரிடம், கண்ணாடி போட்டு மறுபடி ஓட்ட வேண்டும் என்றான். படத்தை இடம் வலமாகத் திருப்புவதற்கு அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவர் நிமிராமலே புது ஷீட்டை விரித்தார். விசிறி ஓடியது. ஏழு அடுக்கும் ஒவ்வொன்றாக விழுவதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கருகின ஓரங்களை ஈரத்துணியால் துடைத்து, அடுக்கி, ஒட்டி, பழைய கவரிலேயே போட்டு இரண்டு கையாலும் நீட்டினான்.

“ரொம்ப தேங்க்ஸ் சார்” என்றாள் அக்கா.

கொட்டும் மழையில் குடைக்குள் வைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன தம்பியைப் பார்த்து ‘சார்’ என்றாள்.

6

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குச் சௌகரியம். நான் பாவம், அவன் கல்மனசுக்காரன். உங்களில் பாதிப் பேர் இதற்குள் அவனைத் திட்டியிருப்பீர்கள். அதற்காகத்தான் இப்படி அடுக்கினேன். அந்தப் பள்ளிக்கூட விஷயத்தை நான்காம் பகுதியில் அடைப்புக்குறிக்குள் மடக்கி வைத்ததும் அதற்காகத்தான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பள்ளியில் கண்காட்சி. சம உயரக் கோடுகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு மலை வேண்டும் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் ஞாயிற்றுக்கிழமை பட்டறையைத் திறந்து, ஸ்பாஞ்சில் பன்னிரண்டு அடுக்கு வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் பூசி, மலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். சட்டையெல்லாம் கரி. நகக்கண்ணில் பெயிண்ட். நான் தலைமை ஆசிரியையோடும் வெளியிலிருந்து வந்த இரண்டு விருந்தினரோடும் நின்றுகொண்டிருந்தேன். யார் இவர் என்று தலைமை ஆசிரியை கேட்டார்.

என் தம்பி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் சட்டையைப் பார்த்தேன்.

“கடையிலேர்ந்து வந்திருக்காங்க” என்றேன்.

அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். பிறகு, “இங்க வைக்கட்டுமா மேடம்?” என்று கேட்டான். மலையை மேசையில் வைத்துவிட்டுப் போனான். ஒரு டம்ளர் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை. மறுவாரம் வீட்டுக்கு வந்தபோது, பிள்ளைகளுக்கு மலை பிடித்ததா என்று மட்டும் கேட்டான். ரொம்பப் பிடித்தது என்றேன். அதற்கு அப்புறமும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டான். மூன்று வருஷம் எதுவும் நடக்காத மாதிரி கூப்பிட்டான். நானோ ஒரே ஒரு மதியத்துக்குப் பதினோரு மாதமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

ஆக, அந்த ‘மேடம்’ அவன் கண்டுபிடித்த வார்த்தை இல்லை. நான் கொடுத்தது. பட்டறையில் அவன் அதைப் பழிவாங்கச் சொன்னானா, தன் மானத்தைக் காக்கச் சொன்னானா, இல்லை அக்காவுக்கு இதுதான் பிடிக்கும் என்று நினைத்து மரியாதையாகச் சொன்னானா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதாக இருக்குமோ என்று தோன்றுகிற நாட்களில்தான் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அந்தத் திங்கட்கிழமை அது கச்சிதமாக உட்கார்ந்தது. முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை கையைத் தூக்கித் தூக்கி எழுதினேன், அசையவில்லை. முதல் வாரம் மட்டும் என் மேல் லேசாகப் புகை வாசனை வந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்க ஒன்றும் இல்லாதபடி அவன் செய்திருந்தான்.

7

முடிவுகள்.

அ. தம்பி வந்து மன்னிப்புக் கேட்கிறான். (மூன்று பக்கம் எழுதினேன். வாசிக்கும்போது நானே என் காலில் விழுந்து எழுந்த மாதிரி இருந்தது.)

ஆ. அக்கா பட்டறைக்குப் போய் எல்லார் முன்னாலும் “நான் இவனோட அக்கா” என்று அறிவிக்கிறாள். மெஷின்காரர் கண் கலங்குகிறார், அடுக்குகிற பெண் கை தட்டுகி— வேண்டாம்.

இ. ஒன்றும் நடக்கவில்லை. ஸ்பாஞ்ச் மூன்று மாதத்தில் தட்டையாகிவிடும். தட்டையாகும்போதெல்லாம் தம்பி மனைவி கையில் புதிதாக ஒன்று கவரில் வரும். வாங்கிக்கொள்கிறேன். சாகும்வரைக்கும் இப்படியே.

இந்த மூன்றாவதுதான் இதுவரை உண்மை. மூன்று கவர் வந்துவிட்டது. நான் கேட்கவே இல்லை. அவனாக நாள் எண்ணி அனுப்புகிறான். ஆனால் இப்போது வீக்கம் வடிந்து, தழும்பு இறுகி, பழைய அளவு சேரவில்லை. புது அளவு கொடுக்க வேண்டும் என்று போன வாரம் தம்பி மனைவியிடம் சொல்லி அனுப்பினேன். அவள், அதை நீங்களே அவர்கிட்டச் சொல்லுங்கண்ணி என்று சொல்லிவிட்டாள். நல்ல பெண்தான், சமயத்தில் கோபம் வருகிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாசல் மணி அடித்தது. என் வீட்டுக்காரர் திறந்தார். அவன் குரல். அளவு எடுக்கணும் என்கிறான். உள்ளே எழுதிக்கொண்டிருக்கிறாள், போ என்கிறார் இவர். செருப்பைக் கழற்றுகிற சத்தம். என் அறைக் கதவில் விரல்.

“உள்ள வரலாமா?”

மொட்டைதான். அந்த வாக்கியத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை நிற்கிற அளவுக்கு இடம் விட்டுக் கேட்கிறான்.

“வரலாம்” என்றால் இன்னும் பதினோரு மாதம். “வாங்க” என்றால் அதோடு தீர்ந்தது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்ல வேண்டியவள் நான், முதலில் தப்பாகச் சொன்னவள் நான் என்பதால். வாடா என்பது இரண்டே எழுத்து. அதற்கு அப்புறம், மலையைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்கு நான்—

இன்னொரு தரம் தட்டுகிறான். எழுந்துவிட்டேன். தாளைக் கவிழ்த்து வைக்கிறேன். கதவைத் திறந்து நான் என்ன சொன்னேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இருக்கிறதைவிடக் கொஞ்சம் நல்லவளாகவே என்னை எழுதுங்கள்.